தகர ஷீட்டா, பச்சை வலையா, கான்கிரீட் தடுப்பா?

கட்டட வேலை நடக்கும் மனையைச் சுற்றித் தடுப்பு வைக்கும்போது, உள்ளே இருக்கும் கம்பியும் சிமென்ட்டும் திருடு போகக் கூடாது என்பதே கட்டுபவரின் முதல் கவலை. வெளியே நடந்து போகிறவருக்கு எது பாதுகாப்பு என்பது என் கவலை. சென்னைத் தெருக்களை வைத்தே பார்க்கிறேன்.

பச்சை வலையை முதலிலேயே தள்ளிவிடலாம். தூசியைக் குறைக்கும், அவ்வளவுதான். அஸ்திவாரப் பள்ளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே வலை மட்டும் இருந்தால், இடறிச் சாய்பவர் வலையோடு உள்ளே போவார்.

தகர ஷீட் மலிவு. குழந்தைகள் உள்ளே நுழையவும் விடாது. ஆனால் காற்று வந்தால் அதுவே ஆபத்து. காற்றழுத்தத்துக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 தரும் கணக்கு எளிது: விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகத்தை எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான விசை நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 90 கி.மீ., அதாவது விநாடிக்கு 25 மீட்டர் காற்றில் 375 நியூட்டன்; சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ எடை அழுத்துவது போல. எட்டடி உயர ஷீட் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 90 கிலோவுக்கு மேல் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. சென்னைக்கு அந்தத் தரநிலை வகுத்திருக்கும் அடிப்படை வேகமே அந்த இரண்டு மடங்குதான். ஐப்பசி மழையில் ஊறிய மண்ணில் நட்ட சவுக்குக் கம்பு இதை எப்படித் தாங்கும்? ஷீட்தான் வேண்டுமென்றால் இரும்பு ஆங்கிள் சட்டமும், மனையின் உள்பக்கமாகச் சாய்வு முட்டும், முட்டின் காலில் கான்கிரீட் கட்டையும் கட்டாயம். முட்டுகளை நடைபாதைப் பக்கம் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இருட்டில் வயதானவர்கள் அதில் இடறி விழுகிறார்கள்.

பேருந்தும் லாரியும் உரசிப் போகும் சாலையில் கனமான கான்கிரீட் தடுப்புதான் என் தேர்வு. மோத வரும் வண்டியைத் தடுக்கும் வலு மற்ற இரண்டுக்கும் கிடையாது. வழக்கமான அளவில் சுமார் 81 செ.மீ. உயரம்தான், மேலே கம்பிவலைச் சட்டம் பொருத்த வேண்டும். இறக்க கிரேன் தேவை, இரண்டடி இடத்தையும் அடைக்கும். திருவல்லிக்கேணிச் சந்தில் வைத்தால் நடப்பவரை வண்டிகளுக்கு நடுவே தள்ளிவிடும். அங்கே முட்டு கொடுத்த ஷீட்டே சரி.

மேலிருந்து விழும் செங்கல்லுக்கு இவை எதுவும் பதில் இல்லை. நடைபாதைக்கு மேல் தனிக் கூரை வேண்டும்.

லாரி வெளியே வரும் வாசலின் இரு பக்கமும் சில மீட்டருக்கு ஷீட்டை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடுங்கள். ஓட்டுநரும் நடப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். அந்த வலையில் ஃபிளெக்ஸ் கட்டவே கூடாது. கட்டினால் ஷீட்டின் காற்றுக் கணக்கு முழுவதும் இதற்கும் வந்துவிடும், தாங்க முட்டு இல்லாமலே.