கணினியை உறையவைக்கும் டாஸ்க்: நிறுத்துவதா, நேரம் மாற்றுவதா?

காலையில் கணினியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் மவுஸ் மட்டும் நகர்கிறது, எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை, டிஸ்க் 100% என்று நிற்கிறது. எங்கள் வீட்டு விண்டோஸ் 10 டெஸ்க்டாப்பில் பேக்கப்பும் வைரஸ் ஸ்கேனும் சேர்ந்து கிளம்பியதுதான் காரணம். உள்ளே இருப்பது பழைய ஹார்டு டிஸ்க். இப்படிக் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளைத்தான் டாஸ்க் என்கிறோம், அவற்றை ஓட்டுவது விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர். அதில் ‘எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி’யைப் போட்டுவிட்டு, எது எப்போது ஓடியது என்பதை உறைந்த நேரத்தோடு ஒப்பிட்டால் ஆள் சிக்கிவிடும்.

அப்புறம் இரண்டு வழி. டிசேபிள் செய்வது ஒரு கிளிக் வேலை. எப்போதோ போட்ட மென்பொருளின் அப்டேட்டர் என்றால் தாராளமாக நிறுத்தலாம். ஆனால் பேக்கப்பை நிறுத்தினால் பேக்கப்பே கிடையாது. டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ‘ஷெட்யூல்டு டிஃப்ராக்’கை நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு, ஆனால் எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாராந்தர டிரிம், அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று சொல்லும் கட்டளை, அனுப்புவதும் அதே டாஸ்க்தான்.

அதனால் நான் நேரத்தை மாற்றும் பக்கம். ஆனால் டாஸ்க் எப்போது தொடங்க வேண்டும் என்று குறிக்கும் டிரிக்கரில் மணியை மட்டும் மாற்றினால் போதாது. இரவு 2 மணி என்று வைக்கிறோம், படுக்கும்போது கணினியை அணைத்துவிடுகிறோம். தவறிய டாஸ்க்கை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்று ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டிக் இருந்தால், இரவில் விட்டுப்போனதெல்லாம் காலையில் நாம் உட்கார்ந்ததும் வரிசைகட்டி வரும். உறைவதன் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

பேக்கப்பைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளி, அந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். தினமும் ஓடுவது, ஒரு நாள் தவறினால் பரவாயில்லை. வாரம் ஒருமுறை வரும் ஸ்கேனுக்கு டிக் இருக்கட்டும். தவறினால் அடுத்த வாரம்தான். கூடவே ‘கண்டிஷன்ஸ்’ பகுதியில், கணினி சும்மா இருந்தால் மட்டும் தொடங்கும்படி வைத்தேன். நாம் திரும்ப வேலை தொடங்கியதும் டாஸ்க்கை நிறுத்தும் பெட்டியும் அங்கேயே உண்டு. ஸ்கேனுக்கு அது சரி, பேக்கப்புக்கு வேண்டாம்: பாதியில் நின்ற பேக்கப்பை நம்ப முடியாது.

பராமரிப்பிலும் இதுதான் எனக்கு வசதி. டிசேபிள் செய்தவற்றை ஞாபகம் வைத்து அவ்வப்போது கையால் ஓட்ட வேண்டும், யாரும் ஓட்டுவதில்லை.

எஸ்எஸ்டிக்கு மாறினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், காசு இருந்தால் அதைச் செய்யுங்கள். லேப்டாப்பில் நான் இதை அதிகம் சோதித்ததில்லை. அங்கே கரண்டில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற பெட்டியையும் பார்த்துவிடுங்கள், சார்ஜர் போடாத நாளில் பேக்கப் ஓடாமலே போகலாம்.