எலிக்கு ஒரு சுவிட்ச், மனிதனுக்கு ஒரு சுவிட்ச்

“எலிகளில் வெற்றி” என்று கொழுப்புக்கோ சர்க்கரைக்கோ ஒரு மருந்துச் செய்தி வந்தால், நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அது எந்த மரபணுவைத் தூண்டுகிறது, மனிதக் கல்லீரலிலும் அந்த மரபணு அதே கட்டளைக்கு அசைகிறதா? ஆற்றல் வளர்சிதை மாற்றத்துக்கான மரபணுக்களைப் பட்டியல் போட்டால் எலிக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எது, எப்போது, எந்த உறுப்பில் விழித்துக்கொள்கிறது என்பதில்தான் பாதை பிரிகிறது.

கொலஸ்ட்ராலிலிருந்து ஆரம்பிக்கலாம், வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் வேலையில் முக்கியமான முதல் படி சி.ஒய்.பி.7ஏ1 என்ற நொதி. எலிக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி போட்டால், எல்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி (ஒரு பொருளை உணர்ந்து மரபணுக்களைத் தூண்டும் புரதம்) அதை உணர்ந்து, அந்த நொதிக்கான மரபணுவுக்கு முன்னால் உள்ள டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து உற்பத்தியைக் கூட்டிவிடும். அதனால் எலி எவ்வளவு தின்றாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். எல்.எக்ஸ்.ஆர். நம்மிடமும் இருக்கிறது. ஆனால் மனித மரபணுவின் முன்பகுதியில் அதற்கு உட்கார இடம் இல்லை. மனித சி.ஒய்.பி.7ஏ1 மரபணுவை எலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். எலியின் கல்லீரலுக்குள்ளேயே இருந்தும், கொலஸ்ட்ரால் தீனிக்கு அதன் உற்பத்தி ஏறவில்லை. போதாததற்கு, கொலஸ்ட்ராலை எச்.டி.எல்.லிலிருந்து (“நல்ல” கொலஸ்ட்ரால்) எல்.டி.எல். (“கெட்ட” கொலஸ்ட்ரால்) பக்கம் தள்ளும் சி.இ.டி.பி. என்ற புரதம் எலிகளிடம் கிடையாது. மனிதரிடம் அதையும் எல்.எக்ஸ்.ஆர். கூட்டிவிடுகிறது. இந்தக் கேள்விக்குச் சாதாரண எலியை நம்புவது தவறு என்பதே என் தீர்ப்பு.

இது ஒரு மரபணுவின் கதை மட்டும்தானா? இல்லை. 2008-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மனிதனின் 21-ஆவது குரோமோசோமைச் சுமக்கும் எலிகள் இருக்கின்றன. அவற்றின் கல்லீரல் செல்லில் உள்ள படியெடுத்தல் காரணிகள், அதாவது டி.என்.ஏ.வில் ஒட்டி மரபணுக்களை இயக்கும் புரதங்கள், எல்லாம் எலியுடையவை, சூழலும் எலியுடையது. அப்படியும் அந்தக் காரணிகள் மனிதக் குரோமோசோமில், மனிதக் கல்லீரலில் எங்கெங்கே ஒட்டுமோ பெரும்பாலும் அங்கங்கேயே ஒட்டின. ஒட்டும் இடத்தைத் தீர்மானித்தது டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை.

ஆனால் எல்லா வேற்றுமையையும் இந்த ஒரே கணக்கில் அடைத்துவிட முடியாது. பி.பி.ஏ.ஆர்.ஆல்ஃபாவைப் பாருங்கள். பட்டினியில் கொழுப்பை எரிக்கச் சொல்லும் ஏற்பி இது. 1990-இல் எலியில் கண்டறியப்பட்டது. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபைப்ரேட் மருந்துகள் இதைத்தான் தூண்டுகின்றன. எலிக்கு நீண்ட நாள் கொடுத்தால் கல்லீரல் வீங்கும், செல்லுக்குள் கொழுப்பை உடைக்கும் பெராக்சிசோம்கள் என்ற நுண்பைகள் பெருகும், கடைசியில் கட்டி வரும். மனிதர்கள் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டும் அப்படி நடப்பதில்லை. எலியின் ஏற்பியை நீக்கி மனித ஏற்பியை வைத்தபோது, ரத்தக் கொழுப்பு குறைந்தது, கொழுப்பை எரிக்கும் மரபணுக்களும் ஏறின. கல்லீரல் செல்கள் பெருகுவது மட்டும் நடக்கவில்லை. ஆக, இங்கே ஏற்பியே வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கல்லீரலில் கீட்டோன் (பட்டினியில் கொழுப்பிலிருந்து உருவாகும் எரிபொருள்) தயாரிக்கும் நொதியை இரண்டு பக்கமும் இதே ஏற்பிதான் தூண்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அளவுக்கு எலியை நம்பலாம்.

அப்புறம் நேரம். எஃப்.ஜி.எஃப்.21 என்ற கல்லீரல் ஹார்மோன் எலியில் ஒரு நாள் பட்டினிக்குள் நன்றாக ஏறிவிடும். மனிதரில் அது தெளிவாக ஏற ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. ஒரு நாள் பட்டினியில் 25 கிராம் எலி தன் எடையில் சுமார் 15 சதவீதத்தை இழக்கும். 60 கிலோ ஆளுக்கு அந்தக் கணக்கில் 9 கிலோ! எலியின் ஒரு நாளை நம் ஒரு நாளோடு ஒப்பிட்டு விரத ஆலோசனை எழுதுபவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சரி, எலி வேண்டாம், மனிதக் கல்லீரல் செல்களையே தட்டில் வளர்த்துப் பார்க்கலாமே என்றால், அதில் டி.என்.ஏ. நம்முடையது, ஆனால் குடல், மூளை, கொழுப்புத் திசு எதுவும் அதோடு பேசாது. பசியும் இல்லை. மனித ஏற்பி வைத்த எலியில் முழு உடல் இருக்கிறது, ஆனால் மாற்றிய அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எலிதான். ஒரு மருந்து ஒரே ஏற்பியைக் குறிவைத்தால் அந்த எலியைத் தேர்ந்தெடுப்பேன். எந்தக் காரணி எங்கே ஒட்டுகிறது என்று கேட்டால் மனித செல்தான். பட்டினிக்கு உடல் எப்படி ஈடுகொடுக்கிறது என்றால், கடினமாக இருந்தாலும் மனிதத் தன்னார்வலர்களிடமே போக வேண்டும்.

கடைசியாக, எரிந்து உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு பற்றிய எலி ஆய்வு என்றால், கூண்டின் வெப்பநிலையைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மேலே போவேன். ஆய்வகங்கள் வழக்கமாக 20 முதல் 22 டிகிரியில் வைக்கின்றன. எலிக்குச் சௌகரியமானது 30 டிகிரியை ஒட்டிய வெப்பம். 22 டிகிரியில் அது சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தாலும், உடலைச் சூடாக வைக்கும் யு.சி.பி.1 மரபணு உள்ளே ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது.