ரஜூலா, சிதம்பரம், இராமானுஜம்: ஒரு பழைய கப்பல் பயணியின் அனுபவம்

கப்பலில் போனேன் என்று சொன்னால், கேபின் எப்படி இருந்தது, சாப்பாடு எப்படி, வாந்தி வந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் கவனிப்பது வேறு. ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து கப்பலுக்குள் கால் வைக்கும்வரை என்ன நடக்கிறது? அக்கரையில் கப்பலை விட்டு இறங்கி அடுத்த வண்டியில் உட்காரும்வரை என்ன நடக்கிறது? சிறுவனாக ரஜூலாவிலும், பிறகு எம்.வி. சிதம்பரத்திலும், இராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலிலும், இப்போது இந்த வயதில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகிலும் போய்வந்தவன் நான். ஒரு கப்பல் சேவை நல்லதா இல்லையா என்பதைக் கரையில் வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் முடிவு.

ரஜூலாவிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கத்தில், அதாவது நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் சுற்றுவட்டாரத்தில், அறுபது வயது தாண்டிய யாரிடம் கேட்டாலும் அந்தப் பெயர் தெரியும். 1926ல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கம்பெனி கட்டிய நீராவிக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தமானது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, மலேசியாவின் பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்) வழியாகச் சிங்கப்பூர் போகும். இதோடு ஜோடியாகக் கட்டப்பட்ட ரோனா என்ற கப்பல் 1943ல் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டு தாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ரஜூலாவும் போரில் வேலை செய்தது, ஆனால் பிழைத்து வந்தது. வந்து 1973 வரை நம் மக்களைச் சுமந்தது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் அணைகிற ஆழம் கிடையாது. ரஜூலா தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். நாம் தோணியில் ஏறி அதனிடம் போக வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் அது ஒரு உல்லாசம். காற்று இருந்தால் தோணி ஒரு ஆள் உயரம் மேலே போகும், அப்புறம் கீழே வரும், அந்த மேலே வரும் கணத்தில் கப்பல் ஏணியைப் பிடித்துத் தாவ வேண்டும். குழந்தைகளைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். டிரங்குப் பெட்டிகளை வலையில் கட்டித் தூக்குவார்கள். என் அம்மா அதுவரை குளத்தைத் தவிர வேறு தண்ணீரில் இறங்காதவர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஏணியைப் பிடித்து அவர் ஏறியதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அப்பா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த ஏணிதான் வழி.

ஏறிய பிறகு டெக். கேபினில் போனவர்கள் சிலர்தான், மற்றவர்கள் எல்லோரும் டெக் பயணிகள். பாயையும் ஜமுக்காளத்தையும் விரித்துவிட்டால் அது உங்கள் வீடு. அடிக்கடி போய்வருகிற சபராளிகள் ஏறிய வேகத்திலேயே நல்ல இடத்தைப் பிடித்துவிடுவார்கள். நல்ல இடம் என்றால் கப்பலின் நடுப்பகுதி, ஆட்டம் குறைவு. அடுப்படிப் புகையும் கழிப்பறை வாடையும் வராத பக்கம். மழைச்சாரல் அடித்தால் ஒதுங்கச் சுவர் ஒன்று அருகில் இருக்க வேண்டும். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துப் பாயில் இருந்த நாகூர்க்காரர் ஒருவர். "தங்கச்சி, பிள்ளையளை ஓரத்துல படுக்க வைக்காதீங்க, நடுவுல போடுங்க" என்று அம்மாவிடம் சொல்லி, தன் பெட்டியை நகர்த்தி இடம் விட்டார்.

சமையல் இந்துக்களுக்குத் தனியாகவும் முஸ்லிம்களுக்குத் தனியாகவும் நடந்தது. சாப்பிட்டது என்னவோ எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான். முதல் இரண்டு நாள் பாதிப் பேர் சாப்பிடவே மாட்டார்கள். நார்த்தங்காய் ஊறுகாயும் எலுமிச்சம்பழமும் சுக்கும் கொண்டுவந்தவர்களுக்கு அந்த இரண்டு நாளில் இருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. மூன்றாம் நாள் உடம்பு கடலுக்குப் பழகிவிடும். பிறகு சீட்டாட்டம், பாட்டு, ஊர்க்கதை, யார் யாருக்கு என்ன உறவு என்ற விசாரணை. நாகப்பட்டினம் விட்டால் பினாங்குக்கு நான்கைந்து நாள். அந்த நாட்களுக்குள் எத்தனையோ வேலைகள் பேசி முடிந்தன, கல்யாணங்கள்கூடப் பேசி முடிந்தன.

பினாங்கில் இறங்குவது எளிதாக இருந்தது. துறைமுகத்திலிருந்து தமிழ்க் கடைகள் இருக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தே போய்விடலாம். ஆனால் எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு அந்தச் சுகம் இல்லை. டெக்கில் வந்த கூலித் தொழிலாளர்களை ஜெரெஜாக் தீவில் இறக்கி, நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்து, பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள். ஒரே கப்பலில் வந்த கேபின்காரர் அன்று மாலையே வீட்டில் இருப்பார். இது நியாயம் என்று அன்றைக்கும் யாரும் நினைத்திருக்க முடியாது.

எம்.வி. சிதம்பரம் வேறு ரகம். 1966ல் பிரான்சின் டன்கிர்க்கில் கட்டி, பாஸ்தர் என்ற பெயரில் ஓடிய கப்பலை எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, வ.உ.சி.யின் பெயரைச் சூட்டியது. வேகம் அதிகம், குளிர்சாதனம் உண்டு, சாதாரணப் பயணிக்கும் படுக்க அடுக்குக் கட்டில். ரஜூலாவில் புரண்டு படுத்த முதுகுக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் திறந்த டெக்கில் கிடைத்த அந்தப் பேச்சும் காற்றும் அங்கே குறைவுதான் என்று எனக்குப் பட்டது. கட்டிலும் விளக்கும் வந்ததும் அவரவர் மூலையில் அவரவர் இருந்தார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு டேப் ரெக்கார்டர், நைலான் புடவை, கோடாரித் தைலம். கடலில் வந்த களைப்பைவிடச் சுங்கச் சோதனை வரிசையில் நின்ற களைப்புதான் கால்களுக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பெயரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1906ல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். அவரை எதிர்த்துக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஏறுகிற பயணிக்கு இலவசமாகக் குடை கொடுப்பதாகவும் ஆசை காட்டியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. 1908ல் அவர் சிறைக்குப் போனார், சங்கம் சில வருடங்களில் மூடப்பட்டது. நான் சிறுவனாக ஏறிய ரஜூலா அதே கம்பெனியின் கப்பல். ரஜூலா ஓய்ந்த அதே கடல்வழியில் அவர் பெயரைத் தாங்கிய கப்பல் ஓடியதைப் பார்த்தவன் நான். அதில் முதல் தடவை ஏறும்போது முகப்பில் எழுதியிருந்த பெயரை நின்று படித்துவிட்டுத்தான் ஏறினேன். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பலின் காலமும், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏழை எளியவர் கப்பலில் போய்வந்த காலமும் முடிந்தது.

இனி, என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் சிறந்தது எது என்றால், இராமேஸ்வரம் - தலைமன்னார் சேவைதான். கப்பல் சிறியது, கடல் தூரமும் கொஞ்சம். ஆனால் யோசித்துச் செய்த ஏற்பாடு.

1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் ஏறுகிற ரயில் தனுஷ்கோடியின் கப்பல் துறை வரை போனது. அங்கே இறங்கினால் கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடல். அக்கரையில் தலைமன்னார்த் துறையில் இறங்கினால் கொழும்பு ரயில். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே டிக்கெட். அதற்குத்தான் போட் மெயில் என்று பேர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, ஒரு பயணி ரயிலே கடலோடு போனது. பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து புறப்படத் தொடங்கியது. நான் போனது அதற்குப் பிறகுதான், இராமானுஜம் என்ற கப்பலில். தனுஷ்கோடிக் காலத்தோடு ஒப்பிட்டால் கடல் நேரம் கூடுதல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது மாறி ஏறுகிற அந்த இடம். நம் பக்கம் மீட்டர் கேஜ் ரயில், முழங்கால் இடிக்கும் குறுகிய பெட்டி. கடல் தாண்டித் தலைமன்னாரில் நிற்பது அகலப் பாதை ரயில். காலை நீட்டி உட்காரலாம். சின்ன நாட்டுக்கு ஏன் பெரிய ரயில் என்று முதல் தடவை வியந்தேன். மூட்டையைத் தலையில் வைத்த பாட்டிகூட யாரையும் கேட்காமல் கப்பலிலிருந்து ரயிலுக்குப் போய்விடுவாள், வழி தவற இடமே கிடையாது. யாழ்ப்பாணம் போகிறவர் மதவாச்சியில் இறங்கி வடக்கே போகும் வண்டியைப் பிடிப்பார். மற்றவர்கள் அனுராதபுரம், பொல்கஹவெல வழியாகக் கொழும்புக்கு. ஆட்டோ பேரம் கிடையாது, லாட்ஜ் தேடல் கிடையாது. குறை என்றால் கடவுச்சீட்டு, சுங்கச் சோதனை நேரம்தான். வெயிலில் நீண்ட வரிசை, நிழல் போதாது.

அதே கப்பலில் என்னால் மறக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1964ல் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் வந்தது இந்த வழியாகத்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பேர். நான் விடுமுறைக்குப் போய்த் திரும்பும் கப்பலில் அவர்கள் திரும்ப முடியாத பயணத்தில் இருந்தார்கள். அம்மியை ஒரு குடும்பம் சாக்கில் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் கரை தெரிகிறதா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் பின்பக்கம் நின்று தலைமன்னார்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் மண்டபம் முகாமில் அடைபட்டுப் பரிசோதனைக்கு உட்பட்டு, பிறகு இதே கடலைத் தாண்டிப் போனவர்கள். பேரப்பிள்ளைகள் இறங்கியதும் மண்டபம் முகாமுக்கே அனுப்பப்பட்டார்கள். கப்பல் ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இறங்குகிறவருக்கு அங்கே வீடு இருக்க வேண்டும். அது அவர்களுக்கு இல்லை. எண்பதுகளின் முதல் பாதியில் இலங்கையில் போர் மூண்டதும் கப்பல் நின்றது. வரவேண்டியவர்கள், வர விரும்பாதவர்கள் என்று பலரும் இடையில் நின்றுபோனார்கள்.

2011ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெரிய கப்பல் சில மாதம் ஓடி நின்றது. எனக்கு அதில் போக வாய்க்கவில்லை.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற விரைவுப் படகு தொடங்கியபோது எங்கள் ஊரில் திருவிழா மாதிரி இருந்தது. மழைக்காலம் வந்ததால் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற படகோடு மறுபடி ஆரம்பித்தது. சுமார் 150 இருக்கைகள், ஏறத்தாழ நான்கு மணி நேரம். நான் போய்வந்தேன். தோணியும் இல்லை, ஏணியும் இல்லை, கரையிலிருந்து நேராக உள்ளே நடக்கலாம். அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். உட்காரும் வசதி நன்றாக இருக்கிறது. ஆனால் இது மூடிய படகு, டெக்கில் உலாவும் சுகம் குறைவு. மூட்டை முடிச்சுக்கு அளவு உண்டு, பழைய கப்பல் பயணிகளுக்கு அது கஷ்டம். காற்றும் மழையும் வந்தால் சேவை நிற்கும், எனவே வாடைக்காலத்தில் இதை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி வைக்க வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். முடிந்தால் பின்பக்கம், கீழ்த்தள இருக்கை கேளுங்கள். காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் போக வண்டி முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது, ஏனென்றால் படகு வரும் நேரத்துக்கு ரயில் காத்திருப்பதில்லை.

அந்த ஒரு விஷயத்தில்தான் 1914ல் போட்ட திட்டம் இன்றைக்கும் முன்னால் நிற்கிறது. இலங்கைப் பக்கம் போரில் பிடுங்கப்பட்ட தலைமன்னார் ரயில் பாதையை இந்திய நிறுவனம் புதுப்பித்து, 2015ல் துறை வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நம் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. இரண்டு கரையிலும் தண்டவாளம் கடல் வரை வந்து நிற்கிறது, இப்போது அகலமும் ஒன்றேதான். நடுவில் ஓட ஒரு கப்பலும், இரண்டு பக்கத்துக்கும் செல்லும் ஒரே டிக்கெட்டும், சோதனை வரிசைக்கு நல்ல நிழலும் வேண்டும். டிக்கெட் விற்கிற அன்று எழும்பூரில் முதல் ஆளாக வரிசையில் நிற்க நான் தயார்.