சாப்பாட்டு உப்பும் வெடியுப்பும்: சூடு யாருக்கு உதவும்?

20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு சுமார் 36 கிராம் கரையும், வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) சுமார் 32 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை. 60 டிகிரிக்குப் போனால் கதையே மாறிவிடும்: சாப்பாட்டு உப்பு 37 கிராம்தான், வெடியுப்போ ஏறக்குறைய 110 கிராம்!

காரணம் கையிலேயே தெரியும். வெடியுப்பைக் கரைக்கும்போது பீக்கர் சில்லிட்டுப் போகும். கரைய அது அவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது. தெவிட்டிய கரைசலில், அதாவது இனி உப்பு கரையாத கரைசலில், கரைவதும் படிவதும் ஒரே வேகத்தில் நடந்து சமநிலையில் இருக்கும். அதைச் சூடாக்கினால், பிரெஞ்சு வேதியியலாளர் லே சாட்லியே சொன்னபடி, அந்தச் சமநிலை வெப்பத்தை உறிஞ்சும் பக்கம், அதாவது கரையும் பக்கம் நகரும். சாப்பாட்டு உப்பு உறிஞ்சும் வெப்பம் மிகக் குறைவு. அதனால் சூட்டை அது கண்டுகொள்வதே இல்லை.

படிகம் எடுக்க வெடியுப்புதான் அருமை என்பேன். 60 டிகிரியில் தெவிட்டியதை 20க்குக் குளிரவிட்டால் 78 கிராம் வரை ஊசி ஊசியாக வந்து விழும். சாப்பாட்டு உப்பில் 1 கிராம் கிடைத்தாலே அதிகம். தண்ணீரை ஆவியாக்கித்தான் ஆக வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் செய்வது அதைத்தான். சரி, வெடியுப்பில் கொஞ்சம் சாப்பாட்டு உப்பு கலந்துவிட்டால்? சூடாகக் கரைத்துக் குளிரவிடுங்கள். வெடியுப்பு படியும், மற்றது தண்ணீரிலேயே தங்கிவிடும்.