எடுப்பதா, கதிர் வைப்பதா: அப்பாவின் குரல்வளைக்கு நாங்கள் தேர்ந்த வழி

அப்பாவுக்குக் குரல்வளைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. டாக்டர் இரண்டு வழி சொன்னார்: குரல்வளையை முழுதாக எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஏழு வாரம் கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. பெங்களூர் அல்சூர் வீட்டில் மூன்று நாள் பேசி, கதிர் பக்கம் போனோம். அதனால் நான் நடுநிலையாளன் இல்லை.

ஆபரேஷன் என்றால் கழுத்துத் துளைவழி மூச்சு. கதிர் என்றால் வறண்ட வாய், விழுங்க வலி. சரி, உயிருக்கு? 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களும், முதலில் கீமோ, பிறகு கதிர் என்று போனவர்களும், இரண்டு ஆண்டு முடிவில் ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள்: 68 சதவீதம். கீமோ, கதிர் பக்கத்தில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளையும் தங்கியது.

எங்களை உலுக்கியது ஒரே கேள்வி: திரும்ப வந்தால்? கட்டியைத் திரும்ப முளைக்கவைக்கும் புற்றுநோய் ஸ்டெம் செல்களைப் பற்றி டாக்டர் சொன்னதும், "கோரை மாதிரியா சார்?" என்றார் அப்பா. கிருஷ்ணகிரியில் கொல்லை வைத்திருந்தவர். அதேதான். மேலே பிடுங்கினாலும் கிழங்கு இருந்தால் முளைக்கும். தலை, கழுத்துக் கட்டிகளில் சிடி44 என்ற புரதம் தாங்கிய செல்கள் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எலிக்குள் வைத்தபோது புதுக் கட்டியை எழுப்பியவை அவைதான் என்று 2007இல் காட்டினார்கள். கதிர் அறுத்த டிஎன்ஏவை இந்த வகைச் செல்கள் சுறுசுறுப்பாகத் தைத்துக்கொள்ளும் என்கிறார்கள். (ஊரிலிருந்து அத்தை, "ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிடுமாமே?" என்று கேட்டார். அது வேறு, இது வேறு.)

அப்படியானால் கிழங்கோடு தோண்டிவிடலாமே என்றார் சித்தப்பா. நியாயம்தான். ஆனால் தோண்டிய பிறகும் ஓரத்தில் ஒளிந்ததற்காகப் பலருக்குக் கதிர் வைக்கத்தான் செய்கிறார்கள். கதிருக்குப் பின் முளைத்தால் ஆபரேஷன் இன்னும் கையிருப்பில் இருக்கிறது. எடுத்த குரல்வளை திரும்பாது. கதிர் பட்ட சதையில் ஆபரேஷன் புண் ஆறுவது கஷ்டம், எச்சில் கசியலாம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் என்பதால், குழாய் விட்டுத் தொண்டையைப் பார்க்கும் ஸ்கோப் தேதியைத் தவறவிடக் கூடாது. சீட்டுப் பணம் மாதிரி, ஒரு தவணைகூட விட முடியாது. அந்த ஒழுங்கு வராத வீட்டுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்திருந்தால் நாங்களே ஆபரேஷனுக்குத்தான் போயிருப்போம்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வாழ்க்கையை நான் கண்டது ஓபி வரிசையில் ஒருவரிடம் மட்டும். துளையைக் கட்டைவிரலால் அழுத்தி, "டோக்கன் எத்தனை?" என்று தெளிவாகவே கேட்டார். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எங்கள் கணக்கும் 14 மாதம்தான். நேற்று மார்க்கெட்டில் அப்பா கரகரத்த கன்னடத்தில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசினார். புதன்கிழமை ஸ்கோப்.