வானூர்திப் பொறியியல் முதுமாணிக்கு முன் என்பிடெல் விரிவுரைகள்: ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இயந்திரப் பொறியியல் முடித்து, வானூர்திப் பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற விரும்புபவருக்கு, விண்ணப்பம் எழுதுவதைவிடக் கடினமானது, இளமாணிக் காலத்தில் படிக்கக் கிடைக்காத பாடங்களை நிரப்பிக்கொள்வதாகும். அதற்கு, இந்தியாவின் ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து இலவசமாக வழங்கும் என்பிடெல் (NPTEL) இணைய விரிவுரைகளை மனமார முன்மொழிகிறேன்.

முதலில் எடுக்கவேண்டியது, சென்னை ஐஐடிப் பேராசிரியர் துலாபுர்காரா எழுத்து வடிவில் வழங்கிய விமானச் செயற்றிறன் தொடர். சீரான மட்டப் பறப்பில் தூக்குவிசை நிறைக்கும், விமானத்தை முன்னே தள்ளும் உதைப்பு அதைத் தடுக்கும் காற்றின் இழுவிசைக்கும் சமன் என்ற, க.பொ.த. உயர்தர மாணவருக்கும் விளங்கும் சமநிலைதான் இதன் அடித்தளம். இழுவிசையின் ஒரு பகுதி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. தூக்குவிசையால் தூண்டப்படும் மற்றப் பகுதி அதே வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. இரண்டும் சமனாகும் வேகத்தில் மொத்த இழுவிசை மிகக் குறைவாக இருக்கும். வேகத்தோடு இழுவிசை மாறும் இந்த வளையியைத் தாளில் தானே வரைந்து பார்ப்பவருக்கு, ஏறும் வீதமும் பறப்புத் தூரமும் எங்கிருந்து வருகின்றன என்பது தெளிவாகிவிடும். பைப்பர் செரோக்கி என்ற சிறு விமானத்தை எடுத்து அதன் செயற்றிறனை முழுமையாகக் கணித்துக் காட்டும் குறிப்புகளுக்காகவே இத்தொடரைப் படிக்கலாம்.

அடுத்தது, மும்பை ஐஐடியின் பாஸ்கர் ராய், பிரதீப் ஆகியோரின் ஜெட் உந்துகை விரிவுரைகள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் 72 ஏன் உந்துசுழலி (புரொப்பெல்லர்) பூட்டிய விமானமாக இருக்கிறது என்று கேட்பவருக்கு இதில் விடை உண்டு: பெருமளவு காற்றைச் சிறிதளவே வேகப்படுத்துவது, குறைந்த பறப்பு வேகங்களில் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும்.

குறைகளும் உள்ளன. பழைய ஒளிப்பதிவுகளில் கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறது. காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் விமான மாதிரியொன்றை வைத்து அளக்கும் அனுபவத்தை எந்த விரிவுரையும் தராது. சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் செல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அது எளிதன்று. ஆகவே சான்றிதழை நம்பாமல், செய்த கணக்குகளை ஒழுங்காகக் கோவைப்படுத்தி வைத்திருப்பது நல்லது.

ஐஐடியில் எம்.டெக் படிப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் கிடைக்கின்றன. கிரான்ஃபீல்ட் போன்ற பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் ஓராண்டு முதுமாணியிலோ அடிப்படையைப் புதிதாகக் கற்க அவகாசமே இராது. அங்கு செல்ல எண்ணுபவர்கள் இவ்விரு தொடர்களையும் விமானம் ஏறுமுன் முடித்துவிடவேண்டும்.