பதற்றம் தணிய பிரிக்பீல்ட்ஸுக்குப் போங்கள்

கோலாலம்பூருக்கு வரும் நம்மவர்கள் பாத மசாஜ் என்றாலே புக்கிட் பிந்தாங் பக்கம் போகிறார்கள். மன அழுத்தம் குறைய வேண்டுமென்றால் அதே ஊரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குப் போங்கள் என்பேன்.

அம்மாவின் இருதய அறுவை சிகிச்சைக்காக மெல்பர்னிலிருந்து வந்திருந்தேன். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் தூக்கம் போயிற்று. கைப்பேசி ஒலித்தாலே நெஞ்சு படபடத்தது. முதலில் ஒரு பேரங்காடிக்குள் இருந்த கடையில் உட்கார்ந்தேன். உள்ளங்காலின் நடுவே மரக்குச்சியால் அழுத்திய இளைஞர், நான் வலியில் காலை இழுத்ததும், "உங்கள் சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது" என்றார். தொடர் சிகிச்சைக்கு இன்றே முன்பணம் கட்டச் சொன்னார். அந்த இடத்தில் குச்சியால் அழுத்தினால் யாருக்குத்தான் வலிக்காது? ஏற்கெனவே பயந்து வந்தவளிடம் புதுப் பயத்தை விற்பது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

அமெரிக்க மருத்துவர் வில்லியம் பிட்ஸ்ஜெரால்ட் உடலைப் பத்து மண்டலங்களாகப் பிரித்ததும், 1930களில் யூனிஸ் இங்கம் அதைப் பாதத்தில் வரைபடமாக விரித்ததும்தான், பாதத்தின் புள்ளிகளை உடலுறுப்புகளோடு இணைத்து அழுத்தும் இந்த ரிப்ளெக்ஸாலஜி முறையின் தொடக்கம். பாதத்தின் ஒரு புள்ளிக்கும் சிறுநீரகத்துக்கும் அப்படியொரு இணைப்பு இருப்பதாக உடற்கூறியலில் சான்று இல்லை. ஆகவே பாதத்தைப் பார்த்து நோய் சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் பதமான கை பாதத்தைப் பிடித்துவிடும்போது உடல் தளர்வதும் மூச்சு சீராவதும் உண்மை.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற மசாஜ் கலைஞர்கள் பலர் நெடுங்காலமாகத் தொழில் செய்கிறார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். நடைபாதையில் அவர்களுக்காகப் பதித்த மஞ்சள் புடைப்புக் கற்களின் மேல் சிலர் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து நீங்களாவது அதைச் செய்யாதீர்கள்.

நான் போன இடத்தில் ஐம்பதைக் கடந்த ஒரு தமிழ் அக்கா. காலைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "சர்க்கரை இருக்கிறதா? விமானத்தில் வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கியதா?" நீண்ட பயணத்துக்குப் பின் காலில் இரத்தம் உறைந்திருந்தால் அழுத்துவது ஆபத்து. சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு அழுத்தம் மிகுவது தெரியாது. பேரங்காடியில் இதை யாரும் கேட்கவில்லை.

வெந்நீரில் காலைக் கழுவி, துடைத்து, தைலம் தடவினார். கட்டைவிரலை மடக்கி மடக்கி, புழு ஊர்வதைப் போல, குதிகாலிலிருந்து விரல்வரை நகர்த்தினார். முன்பாதத்து மேட்டுக்குக் கீழே, நடுவில், நெடுநேரம் அழுத்தி நின்றார். "பதற்றத்துக்கு இந்த இடமா அக்கா?" என்றேன். "அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நோய் தீருமா என்று நான் சொல்லமாட்டேன் அம்மா. இங்கே பிடித்தால் நிறையப் பேர் தூங்கிவிடுகிறார்கள்" என்றார். நானும் தூங்கினேன். அன்றிரவும் நன்றாகவே தூக்கம் வந்தது. இரண்டொரு நாளில் படபடப்பு திரும்பியது, மருத்துவரைப் பார்த்தேன். இருந்தாலும் அந்த ஓரிரவுத் தூக்கத்துக்காக மறுபடியும் அக்காவிடம் போனேன்.

ஒரு மணி நேரத்துக்கு அறுபது வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். பேரம் பேசாதீர்கள். பணத்தை எண்ணி, எந்தத் தாள் என்று சொல்லிக் கையில் கொடுங்கள். வார இறுதி மாலைகளில் காத்திருக்க நேரும். வேலை நாள் முற்பகலில் போவது நல்லது.